பிளிட்விட்சே ஏரிகள்: கைடு டூரில் போவது கொடுக்கும் காசுக்குத் தகுமா?

குரோஷியாவின் பிளிட்விட்சே ஏரிகள் தேசியப் பூங்காவுக்கு ஸாக்ரெப், ஸதார், ஸ்ப்ளிட் ஆகிய நகரங்களிலிருந்து டூர் பேருந்துகள் போகின்றன. விளம்பரங்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே படம்தான்: பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர், அதன்மேல் வளைந்து போகும் மரப்பலகைப் பாதை, பின்னணியில் அருவி. நேரில் பார்த்தால் பூங்கா அந்தப் படத்தை விட அழகு. ஆனால் படம் ஒன்றாக இருப்பதால் டூரும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் பணம் கட்டிவிடக் கூடாது. ஒரு டூரில் ஐந்து மணி நேரம் பூங்காவுக்குள் நடக்கலாம். இன்னொன்றில் இரண்டரை மணி நேரம்தான் கிடைக்கும், அதிலும் ஒரு மணி நேரம் படகு வரிசையில் போய்விடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஸாக்ரெபிலிருந்தோ ஸதாரிலிருந்தோ கிளம்பும் சிறு குழு டூர், கைடு கூடவே நடப்பவர், பூங்காவுக்குள் குறைந்தது நான்கு மணி நேரம் என்றால் தாராளமாகப் போகலாம், கொடுக்கும் காசு தகும். ஸ்ப்ளிட்டிலிருந்து ஒரே நாளில் போய் வருவதைப் பரிந்துரைக்க மாட்டோம். துப்ரோவ்னிக்கிலிருந்து ஒரே நாளில் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பகல் முழுக்கப் பேருந்திலேயே கழியும். எல்லாவற்றிலும் சிறந்தது பூங்காவை ஒட்டிய ஊரில் ஓர் இரவு தங்குவது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் இடத்தைப் பற்றி. பெயருள்ள 16 ஏரிகள் படிக்கட்டு போல ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குகின்றன. மேலே 12, கீழே 4. உச்சியில் உள்ள ப்ரோஷ்சான்ஸ்கோ ஏரி கடல்மட்டத்திலிருந்து 636 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடைசி ஏரிக்கு வரும்போது 503 மீட்டர். இந்த 133 மீட்டர் இறக்கத்தைத்தான் தண்ணீர் நூற்றுக்கணக்கான சிறு அருவிகளாகக் கடக்கிறது. மேல் ஏரிகள் டோலமைட் பாறையில் அமைந்தவை. அந்தப் பாறையில் தண்ணீர் எளிதில் இறங்காது, அதனால் ஏரிகள் அகலமாக, கரையெல்லாம் காடாக விரிந்து கிடக்கின்றன. கீழ் ஏரிகள் சுண்ணாம்புப் பாறையை அறுத்துக்கொண்டு போன குறுகிய பள்ளத்தாக்கில் இருப்பவை, இருபுறமும் செங்குத்துச் சுவர். இரண்டும் இரண்டு விதமான அழகு. ஒன்றை மட்டும் காட்டிவிட்டுத் திருப்பிக் கூட்டி வரும் டூர் பாதிப் பூங்காவைத்தான் காட்டுகிறது.

இந்த ஏரிகள் எப்படி உண்டாயின என்பதுதான் இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம். ஒரு கைடு கொடுக்கும் காசுக்குத் தகுதியானவரா என்பதும் இங்கேதான் தெரியும். போர்வெல் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு ஒட்டுமே, அதே கால்சியம் கார்பனேட்தான் இங்கே அணை கட்டுகிறது. சுண்ணாம்பு மலைக்குள் ஊறி வரும் தண்ணீரில் கால்சியம் கரைந்து கலந்திருக்கிறது. தண்ணீர் பாறையில் மோதித் துளித்துளியாகச் சிதறும் இடங்களில் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு கரைசலில் நிற்க முடியாமல் படிகிறது. அது வெறும் பாறையைவிடப் பாசியில் நன்றாகப் பிடிக்கும். பாசியின் மேல் வாழும் நுண்ணுயிர்கள் சுரக்கும் வழவழப்பில் சுண்ணாம்புப் பொடி ஒட்டிக்கொள்கிறது. பாசி மூச்சுமுட்டிச் சாகாமல் இருக்க நுனியை நீட்டி வளர்கிறது, அடிப்பகுதி கல்லாகிப் போகிறது. இப்படித்தான் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் அணை உயர்ந்துகொண்டே வருகிறது. இன்றைய அணைகள் ஆறு, ஏழாயிரம் ஆண்டுகளில் எழும்பியவை.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேல் ஏரிகளில் கலோவாட்ஸ் ஏரியைத் தாங்கும் அணைக்குக் கீழே பாதை போகும் இடத்தில் நின்று, முகத்துக்கு நேரே தொங்கும் பாசியைக் கவனியுங்கள். நுனி பளிச்சென்ற பச்சை. இரண்டு விரற்கடை உள்ளே மஞ்சளும் பழுப்புமாக இருக்கும். அதற்கும் உள்ளே பாசியின் வடிவம் அப்படியே இருக்கும், ஆனால் கல். தண்ணீருக்குள் விழுந்த சுள்ளி, இலை எல்லாம் மாவு பூசியது போல வெளுத்துக் கிடக்கும். தொட்டுப் பார்க்கக் கை பரபரக்கும், தொடக் கூடாது. ஒரு விரல் அழுத்தினாலே உடையும் அளவுக்குப் புதிய படிவு மென்மையானது.

தண்ணீரில் கரைந்த கரிமப் பொருள் ஒரு லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் இந்தப் படிவு நின்றுவிடும் என்று இங்கே ஆய்வு செய்தவர்கள் கண்டிருக்கிறார்கள். எனவே குளிக்கத் தடை. உடலில் பூசிய சன்ஸ்கிரீன், எண்ணெய், கரையோர மிதிபாடு எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். குற்றாலத்தையும் ஒகேனக்கலையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அருவி என்றாலே குளியல்தான். இங்கே காலைக்கூட நனைக்க முடியாது. காரணம் தெரிந்தால் அந்த ஏமாற்றம் போய்விடும். நல்ல கைடு இதைப் பேருந்திலேயே சொல்லிவிடுவார். மோசமான கைடு தண்ணீரில் கைவிட்டவரைப் பார்த்து அதட்டுவதோடு சரி.

இனி பாதைகள். பூங்காவுக்கு இரண்டு முதன்மை நுழைவாயில்கள். நுழைவாயில் 1 கீழ் ஏரிகளின் பக்கம், நுழைவாயில் 2 மேலும் கீழும் சந்திக்கும் நடுப்பகுதியில். இரண்டுக்கும் இடையே சாலையில் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பூங்காவுக்குள் மூன்று படகுத்துறைகள் (பி1, பி2, பி3), சாலையில் ஓடும் தொடர்வண்டி போன்ற பேருந்துக்கு எஸ்டி1 முதல் எஸ்டி4 வரை நிறுத்தங்கள். படகும் பேருந்தும் டிக்கெட்டிலேயே அடக்கம், தனியாகக் காசு கிடையாது. நடைவழிகளுக்கு ஆங்கில எழுத்துகளைப் பெயராக வைத்திருக்கிறார்கள். நுழைவாயில் 1-இல் தொடங்குபவை ஏ (3.5 கி.மீ.), பி (4 கி.மீ.), சி (8 கி.மீ.). நுழைவாயில் 2-இல் தொடங்குபவை இ (5.1 கி.மீ.), எஃப் (4.6 கி.மீ.), எச் (8.9 கி.மீ.). கே என்ற நீண்ட வழி 18.3 கி.மீ., அது முழுநாள் நடப்பவர்களுக்கு.

இந்த எழுத்துகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. டூர் நடத்துபவரிடம் "எந்த வழி?" என்று கேட்டால் போதும். ஏ என்றால் கீழ் ஏரிகள் மட்டும். பி என்றால் கீழ் ஏரிகளும் படகுப் பயணமும். சி அல்லது எச் என்றால்தான் மேலும் கீழும் இரண்டும் உண்டு, அதற்குப் பூங்காவே 4 முதல் 6 மணி நேரம் கணக்குச் சொல்கிறது. "மேல் ஏரி, கீழ் ஏரி இரண்டும் பார்க்கலாம், மொத்தம் மூன்று மணி நேரம்" என்று எழுதியிருந்தால் ஒன்று ஓட்டமாக ஓட வேண்டும், அல்லது ஏதோ ஒன்றைப் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்க்கப் போகிறீர்கள்.

சி, எச் இரண்டில் எது நல்லது? சி கீழிருந்து மேலே போகிறது. அருவிகள் எப்போதும் முகத்துக்கு நேரே இருக்கும். எச் வழியில் முதலில் பேருந்தில் மேலே போய், ஏரிகளோடு சேர்ந்து கீழே இறங்கலாம். மூச்சு வாங்காது, ஆனால் அருவியைப் பார்க்க அடிக்கடி திரும்பி நிற்க வேண்டும், இறுதியில் பள்ளத்தாக்கிலிருந்து ஏறித்தான் வெளியேற வேண்டும். நடக்கத் தெம்பு இருந்தால் சி. காலை 8 மணிக்குள் நுழைய முடிந்தால் கட்டாயம் சி, ஏனென்றால் அந்த நேரத்தில் கீழ் ஏரிப் பாதை காலியாக இருக்கும். பத்து மணிக்கு மேல்தான் டூர் வந்து சேரும் என்றால் எச் மேல். கூட்டம் முதலில் நுழைவாயில் 1-இல் குவிவதால், அந்த நேரத்தில் மேல் ஏரிகளில் நிம்மதியாக நடக்கலாம்.

சி வழியில் என்னென்ன வரும் என்று பார்க்கலாம். நுழைவாயில் 1-ஐத் தாண்டிய சில நிமிடங்களில் விளிம்பில் பார்வை மேடை. எதிரே வெலிகி ஸ்லாப், 78 மீட்டர், குரோஷியாவிலேயே உயரமான அருவி. ஸ்லாப் என்றால் அவர்கள் மொழியில் அருவி, வெலிகி என்றால் பெரிய. இந்த அருவிக்கு ஏரிகளின் தண்ணீர் வருவதில்லை, பிளிட்விட்சா என்ற தனி ஓடைதான் இதில் விழுகிறது. அதனால்தான் ஏரிகள் நிறைந்திருக்கும்போதுகூட ஆகஸ்டில் இது மெலிந்து போகிறது. கோடையின் பிற்பகுதியில் போய் "படத்தில் பார்த்த அளவு தண்ணீர் இல்லையே" என்று வருந்துபவர்கள் பலர். அங்கிருந்து வளைந்து வளைந்து இறங்கி, பலகைப் பாதையில் பள்ளத்தாக்கைக் கடந்து அருவியின் காலடிக்குப் போகலாம். பக்கத்தில் சஸ்தாவ்ட்ஸி. ஏரிகளின் தண்ணீரும் பிளிட்விட்சா ஓடையும் கலந்து கொரானா ஆறாகப் பிறக்கும் இடம். சஸ்தாவ்ட்ஸி என்ற பெயருக்கு நம் மொழியில் நேர்ச்சொல் கூடுதுறை.

திரும்பி கலுஜெரோவாட்ஸ் ஏரிக்கரைக்கு வந்தால் பாறைச் சுவரில் ஷுப்லியாரா என்ற குகை. அதற்குள் செங்குத்தான கல்படிகள் மேலே போகின்றன, எப்போதும் ஈரமாக இருக்கும். ரப்பர் பிடிமானம் இல்லாத செருப்பு வழுக்கும் முதல் இடம் இதுதான். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே நின்று பார்த்தால் போதும். அடுத்து கவனோவாட்ஸ், மிலனோவாட்ஸ் ஏரிகள். அவற்றுக்கு இடையே மில்கா த்ர்னினா பெயரிலான அருவிகள். அவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பா முழுக்கப் பாடிய ஓபரா பாடகி, கச்சேரி நடத்தி வந்த பணத்தை இந்த ஏரிகளின் பாதுகாப்புக்குக் கொடுத்தார். பெரும்பாலான குழுக்கள் பெயர்ப்பலகையைப் பார்க்காமலேயே தாண்டிவிடுகின்றன.

பிறகு கோஸ்யாக். பூங்காவிலேயே பெரிய ஏரி, ஏறக்குறைய 81 ஹெக்டேர், ஆழம் 47 மீட்டர். இதன் வடமுனையில் பி3 படகுத்துறை, பக்கத்தில் புல்வெளி, மேசைகள், கழிப்பறை, சிற்றுண்டிக் கடை. பி3-இலிருந்து பி2-க்குப் படகு சுமார் 20 நிமிடம். மின்சாரப் படகு என்பதால் இயந்திரச் சத்தமே இல்லை. நடு ஏரியில் பேச்சு அடங்கியதும் தண்ணீர் படகில் உரசும் ஒலி மட்டும் கேட்கும். இந்தப் பயணத்தில் மறக்க முடியாதவற்றில் அதுவும் ஒன்று.

பி2-இல் இறங்கியதும் மேல் ஏரிகள் தொடங்கும். கிராடின்ஸ்கோ, கலோவாட்ஸ் ஏரிகளுக்கு இடையே வெலிகி ப்ர்ஷ்தாவாட்ஸ் என்ற 28 மீட்டர் அருவி. ஒரே தாரையாக விழாமல், பாசிச் சுவர் முழுக்கத் திரைபோலப் பரந்து வழியும். நேரம் இருந்தால் நிதானமாக நிற்க வேண்டியது இந்த இடத்தில்தான். பல குழுக்கள் வெலிகி ஸ்லாப்பில் அரை மணி நேரம் படம் எடுத்துவிட்டு இங்கே ஐந்து நிமிடத்தில் கடக்கின்றன. நம் கருத்தில் அது தலைகீழாக இருக்க வேண்டும். மேலே ஒக்ருக்லியாக் ஏரியைத் தாண்டி எஸ்டி3 நிறுத்தத்தில் நடை முடியும், பேருந்து திரும்ப இறக்கிவிடும்.

இத்தனைக்கும் நடுவில் டூர் குலைவது பெரும்பாலும் பி3 படகு வரிசையில்தான். ஜூலை, ஆகஸ்டில் காலை 11 மணி முதல் 2 மணி வரை காத்திருப்பு ஒரு மணி நேரத்தைத் தொடும், சில நாளில் தாண்டும். கைடு 50 பேரோடு வந்தால் ஒரே படகில் எல்லாரும் ஏற முடியாமல் குழு உடையும், அடுத்த கரையில் மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும். அனுபவமுள்ள கைடு வரிசையின் நீளத்தைப் பார்த்தவுடன் ஒரு முடிவு எடுப்பார்: கோஸ்யாக்கின் கரையோரமாகவே நடந்து பி2 பக்கம் போவது. சுமார் 3 கிலோமீட்டர் நிழல் வழி, ஏறக்குறைய 45 நிமிடம். வரிசையில் நிற்பதைவிட அது மேல். "படகு வரிசை நீளமாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று முன்கூட்டியே கேட்டால், பதில் சொல்லும் விதத்திலேயே அவர் இந்தப் பூங்காவை அறிந்தவரா என்று புரிந்துவிடும்.

டூர்களில் அடிக்கடி வரும் இன்னொரு குறை, ஸாக்ரெப் வழியில் வரும் ரஸ்தோகே நிறுத்தம். ஸ்லுன் ஊரில் அருவிகளின் மேலேயே பழைய நீராலைகள் நிற்கும் அழகான சிற்றூர், பூங்காவுக்குச் சுமார் 30 கி.மீ. முன்னால். பார்க்க வேண்டிய இடம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் போகும்போது அங்கே 45 நிமிடம் நின்றால் பூங்காவில் கூட்டமில்லாத ஒரே ஒரு மணி நேரத்தை அங்கே கொடுத்துவிடுகிறோம். திரும்பும்போது நிறுத்தும் டூரைத் தேர்ந்தெடுங்கள். மாலை வெயில் சாயும் நேரத்தில் ரஸ்தோகே இன்னும் நன்றாக இருக்கும், கால் ஓய்ந்தவர்கள் உட்கார்ந்து காபி குடிக்கலாம்.

"கைடு" என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். சில டூர்களில் அது ஓட்டுநரே. வழியில் பேசுவார், நுழைவாயிலில் வரைபடத்தைக் கொடுத்து "மூன்று மணிக்கு இங்கே வந்துவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அது தப்பான சேவை என்று சொல்ல முடியாது, விலையும் குறைவு. ஆனால் அதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். உள்ளே கூட நடக்கும் கைடு என்றாலும் குழு 20-ஐத் தாண்டினால் பலகைப் பாதையில் ஒற்றை வரிசையாகத்தான் போக முடியும், கடைசி ஆளுக்கு எதுவும் கேட்காது. காதில் மாட்டும் சிறு ஒலிக்கருவி கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். எட்டுப் பேர் வேன் என்றால் அது தேவையில்லை.

அடுத்தது டிக்கெட். அண்மை ஆண்டுகளில் பெரியவர்களுக்கான நாள் கட்டணம் ஜூன் முதல் செப்டம்பர் வரை 40 யூரோ, ஏப்ரல், மே, அக்டோபரில் 23 யூரோ, நவம்பர் முதல் மார்ச் வரை 10 யூரோ. ஆண்டுதோறும் விலையைப் பூங்காவின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 7 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இலவசம். மலிவாகத் தெரியும் டூர்களில் பெரும்பாலும் இந்தக் கட்டணம் சேர்ந்திருக்காது. ஒரு குடும்பத்தில் நான்கு பெரியவர்கள் என்றால் கோடையில் அதுவே 160 யூரோ, மலிவான டூரின் விலையைவிட அது அதிகமாகவும் இருக்கலாம். இன்னொரு சிக்கல், டிக்கெட்டுக்கு நுழைவு நேரம் குறித்தே கொடுக்கிறார்கள். நாளுக்கு எண்ணிக்கை வரம்பும் உண்டு. "டிக்கெட்டை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் டூரில், பேருந்து எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதற்கு ஏற்ற நேரத்தைப் பதிவு செய்யுங்கள். கோடைச் சனிக்கிழமைகளில் கடற்கரைக்குப் போகும் வண்டிகளால் சாலை அடைத்துக்கொள்ளும், அதனால் அரை மணி தாமதத்துக்கு இடம் விடுவது நல்லது. எந்த நுழைவாயில் என்பதையும் மறக்காமல் கேளுங்கள். 1-இல் இறக்கிவிட்டு 2-இல் ஏற்றிக்கொள்ளும் டூர்கள் உண்டு, அது நல்ல ஏற்பாடும்கூட. தெரியாமல் பழைய இடத்துக்கே திரும்பி வந்தவர்கள்தான் பேருந்தைத் தவறவிடுவார்கள்.

ஸ்ப்ளிட்டில் தங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கிருந்து பூங்காவுக்கு ஒரு வழிக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல். 12 மணி நேர டூரில் பாதிக்கு மேல் இருக்கையிலேயே போய்விடும். அருவி பார்க்க வேண்டும், நாள் ஒன்றுதான் இருக்கிறது என்றால் க்ர்கா தேசியப் பூங்கா ஒன்றரை மணி நேரத்துக்குள் இருக்கிறது. அங்கேயும் இதே சுண்ணாம்புப் படிவு அருவிகள்தான். ஸ்க்ராடின்ஸ்கி புக் அருவியில் மக்கள் நீந்தும் பழைய படங்களை இன்னும் விளம்பரத்தில் போடுகிறார்கள், 2021 முதல் அங்கேயும் குளிக்கத் தடை. படத்தை நம்பி நீச்சலுடை எடுத்துப் போகாதீர்கள்.

அப்பா, அம்மாவைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இ வழியைச் சொல்வோம். நுழைவாயில் 2-இலிருந்து பேருந்தில் மேலே போய், மேல் ஏரிகள் வழியாக மெல்ல இறங்கி, பி2-இல் படகு பிடித்து பி1-க்கு வந்துவிடலாம். படகு விட்டு வாயிலுக்கு ஏறும் சிறு ஏற்றம் மட்டும்தான் உண்டு. வெலிகி ஸ்லாப்பை நுழைவாயில் 1-க்குப் பக்கத்துப் பார்வை மேடையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம், பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டியதில்லை. பலகைப் பாதைகளுக்குப் பெரும்பாலும் கைப்பிடி கிடையாது, பலகைகளுக்கு நடுவே இடைவெளி உண்டு, சில இடங்களில் தண்ணீர் மேலேயே வழியும். தள்ளுவண்டி ஓடாது. கைக்குழந்தையை முதுகிலோ மார்பிலோ கட்டிக்கொள்ளுங்கள். ஓடித் திரியும் வயதுப் பிள்ளையின் கையை விடாதீர்கள். எதிரே வருபவருக்கு வழிவிடப் பலகையின் ஓரத்தில் நின்று படம் எடுப்பதுதான் இங்கே தண்ணீரில் விழ எளிய வழி.

உடை விஷயத்தில் நம்மவர்கள் அடிக்கடி ஏமாறுவது குளிரில். கடற்கரையில் 33 டிகிரி இருக்கும் நாளில்கூட இங்கே காலையில் மெல்லிய ஸ்வெட்டர் தேவைப்படும். இது மலைக்காடு, மழை கோடையிலும் திடீரென்று வரும். குடையைவிட மழைச்சட்டை மேல், பலகைப் பாதையில் குடைகள் ஒன்றோடொன்று இடிக்கும். பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். நனைந்த பலகை எண்ணெய் தடவியது போல இருக்கும்.

சாப்பாட்டுக்குப் பூங்காவை நம்ப வேண்டாம். பி3-இல் கிடைப்பது பொரித்த உருளைக்கிழங்கு, கோழி, சாசேஜ் வகைகள், அதற்கும் வரிசை. சைவம் சாப்பிடுபவர்கள் புளிசாதமோ சப்பாத்திச் சுருளோ கட்டி எடுத்துப் போய்ப் புல்வெளி மேசையில் சாப்பிடலாம், உணவு கொண்டுபோகத் தடையில்லை. குப்பையைக் கையோடு எடுத்து வாருங்கள். பலகை ஓரத்தில் மீன்கள் கூட்டமாக வந்து வாயைத் திறந்து நிற்கும், பிள்ளைகள் ரொட்டி போட ஆசைப்படுவார்கள். போடக் கூடாது, அந்த ரொட்டியும் மேலே சொன்ன கரிமக் கணக்கில்தான் சேரும். வெளியே இந்த லிகா வட்டாரத்தின் உருளைக்கிழங்குக்கும், ஷ்க்ரிபாவாட்ஸ் என்ற பாலாடைக்கட்டிக்கும் பெயர் உண்டு. கடித்தால் பல்லில் கிறீச்சிடும், பெயரே அதனால் வந்தது. சாலையோரம் விற்கும், பழம் வைத்துச் சுருட்டிச் சுட்ட வீட்டு ஸ்ட்ரூடலையும் வாங்கிச் சாப்பிடலாம்.

நல்ல கைடு இந்த இடத்தின் அண்மை வரலாற்றையும் சொல்வார். 1949-இல் தேசியப் பூங்கா, 1979-இல் யுனெஸ்கோ பட்டியல். 1991 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு அன்று யுகோஸ்லாவியாவிலிருந்து குரோஷியா பிரிந்த போரின் முதல் உயிர்ப்பலிகளைக் கண்ட மோதல் இங்கேதான் நடந்தது. 1992 முதல் 1997 வரை ஆபத்திலுள்ள பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இருந்தது. போரிலிருந்து மீண்ட இடம் பிறகு கூட்டத்தால் நெருக்கடிக்கு உள்ளானது. சாதாரண ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேல் பேர் வருகிறார்கள். நேரம் குறித்த டிக்கெட்டை அந்தக் கோணத்தில் பார்த்தால் எரிச்சல் வராது.

எந்த மாதம்? மே மாதம் பனியுருகிய தண்ணீர், அருவிகள் முழு வேகம், காடு இளம்பச்சை. அக்டோபரின் இரண்டாம் பாதியில் பீச் (beech) என்ற காட்டு மரங்கள் மஞ்சளாகிச் சிவந்து தண்ணீரில் நிழல் விழும், விலையும் குறைவு. கனமழைக்குப் பின் தண்ணீர் ஏறினால் கீழ்ப் பாதைகளைச் சில நாள் மூடிவிடுவார்கள். புறப்படும் காலையில் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மூடியிருந்தால் பணம் திரும்ப உண்டா என்று டூர்காரரிடம் முன்பே கேட்டு வைக்கலாம். குளிர்காலத்தில் மேல் ஏரிப் பாதைகள் பனியால் அடைபடும், கீழ் ஏரிகள் மட்டும் என்று எண்ணிப் போனால் உறைந்த அருவிகள் கண்ணுக்கு விருந்து.

இனி தங்குவது பற்றி. ஜெர்மனி, சுவிட்சர்லாந்திலிருந்து காரில் வரும் நம் குடும்பங்களுக்கு இதுதான் வசதி. 2023 ஜனவரி 1 முதல் குரோஷியா ஷெங்கன் பகுதியிலும் யூரோவிலும் சேர்ந்துவிட்டது, எல்லையில் வழக்கமான சோதனை இல்லை (சில எல்லைகளில் தற்காலிகச் சோதனை இருக்கலாம்), கையில் யூரோ இருப்பவர்கள் பணமும் மாற்ற வேண்டாம். இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு ஷெங்கன் விசாவே போதும். முகின்யே, யெசெர்ட்ஸே, ரஸ்தோவாச்சா ஆகிய பக்கத்து ஊர்களில் வீட்டு விடுதிகள் நிறைய உண்டு. முன்தினம் மாலையே வந்து தங்கி, கோடையில் வாயில் திறக்கும் 7 மணிக்கே நுழைந்தால், ஸாக்ரெப் பேருந்துகள் வரும் பத்து மணிக்குள் கீழ் ஏரிகளை முடித்துப் படகிலும் ஏறிவிடலாம். பூங்காவின் சொந்த ஹோட்டல்களில் தங்குபவர்களுக்கு ஒருநாள் டிக்கெட்டை மறுநாளுக்கும் நீட்டித்துக் கொடுப்பது வழக்கம், அறை பதியும்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கைடு வேண்டுமென்றால் பூங்கா நிர்வாகத்திடமே முன்பதிவு செய்யலாம். இரண்டு குடும்பம் சேர்ந்து அப்படி ஒருவரை அமர்த்தினால் பாசி கல்லாகும் இடத்தில் அவசரப்படுத்த யாரும் இல்லை. கார் இல்லாதவர்களுக்கு ஸாக்ரெபின் மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து நேரடிப் பேருந்து, இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். இரண்டு நுழைவாயில்களிலும் நிற்கும். திரும்பும் பேருந்துக்கு இருக்கையை முன்பே பதிந்துவிடுங்கள். கோடை மாலையில் கடற்கரையிலிருந்து நிறைந்து வரும் வண்டி நிற்காமலே போய்விடும்.